மூன்றடி பவளத் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கணக்கு

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்நீர்த் தொட்டிக்கு வரும்போது முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் ஃபில்டர் வாங்கணும்?" என்பதுதான். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் வைத்து, உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டிக்குக் கருவி வாங்க முடியாது. ஒரு கருவியைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது அழுக்கைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கிறதா, இல்லை தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைக்கிறதா? கரண்ட் போய் நான்கு மணி நேரம் ஆனால் இது என்ன செய்யும்?

இந்தக் கேள்விகள் நம் கரைக்கு ஏன் முக்கியம் என்றால், இங்கே ஆக்சிஜன்தான் முதல் நெருக்கடி. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே சூட்டில் கடல்நீர் பிடிப்பது சுமார் 6.7. தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் 6.2 ஆகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ மாடி வீட்டு அறையில் 32 டிகிரி சாதாரணம். தேங்கிய தீனியும் கழிவும் அழுகும்போது அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் பாக்டீரியா தின்றுவிடும். அதனால் அழுக்கை வெளியே தள்ளுகிற, காற்றை உள்ளே கலக்கிற கருவிக்குத்தான் காசு போட வேண்டும்.

இனி வரும் எண்கள் எல்லாம் ஒரே தொட்டிக்கு: 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கொள்ளளவு 182 லிட்டர். கல்லும் மணலும் போனால் சுமார் 150 லிட்டர் தண்ணீர். புதியவர்களுக்கு இதுவே நல்ல அளவு. இதைவிடச் சிறிதானால் உப்பும் சூடும் சட்டென்று மாறும்.

முதல் ஃபில்டர் கல்தான்

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது நுண்துளை உள்ள கல்லில். கல்லின் உட்பகுதியில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் இன்னொரு கூட்டமும் வளரும். 150 லிட்டருக்கு 12 முதல் 15 கிலோ உலர்ந்த கல் போதும். எடை குறைவாகவும் துளை அதிகமாகவும் இருந்தால் 10 கிலோவே நிறைய. கற்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காமல் நடுவே தண்ணீர் ஓட இடம் விடுங்கள். சுவர் மாதிரி கட்டினால் பின்னால் கழிவு தேங்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்ததென்று யாராவது பவளக் கல்லோ, பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய உயிர்க் கல்லோ கொடுத்தால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரோடு இருப்பதோ செத்ததோ, கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பீங்கான் கல்லும், பீங்கான் பிளாக்குகளும் அதே வேலையைச் செய்யும். பாக்டீரியா பிடிக்கச் சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பவளம் வாங்கும்போதும் முறையான இறக்குமதி ஆவணம் கேட்டு வாங்குங்கள்.

புதிய கல்லைப் போட்டவுடன் மீன் விடக்கூடாது. அம்மோனியம் குளோரைடு கரைசலால் தண்ணீரை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியாவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் சுழியாகி, நைட்ரைட்டும் சுழியானால் கல் தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் குறையலாம். சோதனை கிட் சொல்வதை நம்புங்கள், பாட்டில் லேபிளை அல்ல.

கேனிஸ்டர் பற்றி

தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்தான் கேனிஸ்டர். நன்னீர்த் தொட்டியில் அருமையான கருவி. பவளத் தொட்டிக்கு முதல் ஃபில்டராக நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூடிய டப்பாவுக்குள் பஞ்சில் சிக்கிய தீனியும் கழிவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். குப்பையைக் கூட்டி வீட்டு மூலையிலேயே குவித்து வைப்பது போலத்தான் அது. ஒரு மாதம் திறக்காமல் விட்டால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

அதைவிட ஆபத்து கரண்ட் போகும்போது. ஓட்டம் நின்ற டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியா சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு அவை சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடி, அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளும். ஏற்கெனவே கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு கார்பன் பை மட்டும் வைத்து ஓட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து, தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல்நீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

சம்ப்: கண்ணாடிக் கடையில் சொல்ல வேண்டிய அளவுகள்

தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேலிருந்து வழியும் தண்ணீர் இங்கே வந்து, சுத்தமாகி, பம்ப் வழியாக மேலே திரும்பும். வழியும் ஒவ்வொரு இடத்திலும் காற்று கலக்கும். கருவிகள் எல்லாம் கண்ணுக்கு மறைவாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே செய்யச் சொல்லலாம்.

60 நீளம், 35 அகலம், 40 உயரம் என்று சொல்லுங்கள். மொத்தம் 84 லிட்டர். மூன்று அறை: முதலில் தண்ணீர் விழும் இடமும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும், அடுத்து குமிழி தடுப்பு, கடைசியில் ரிட்டர்ன் பம்ப். குமிழி தடுப்புக்கு மூன்று கண்ணாடித் தடுப்பு. முதலாவது அடியோடு ஒட்டி 22 செ.மீ. உயரம்; இரண்டாவது அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கியது, மூன்றாவது மறுபடி அடியோடு ஒட்டி 20 செ.மீ. உயரம். தடுப்புகளுக்கு நடுவே 3 செ.மீ. இடைவெளி. முதல் தடுப்பு ஸ்கிம்மர் அறையின் நீர்மட்டத்தை 22 செ.மீ.யில் பூட்டிவிடும். தண்ணீர் ஆவியாகிற குறைவு கடைசி அறையில் மட்டுமே தெரியும். இது ஸ்கிம்மருக்கு எவ்வளவு முக்கியம் என்று கீழே வருகிறது.

ஒட்டும் சிலிக்கானில் கவனம். பாத்ரூமுக்கு விற்கும், பூஞ்சை பிடிக்காத வகை வேண்டவே வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் மருந்து உயிர்களைக் கொல்லும். தொட்டிக்கென்றே உள்ள சிலிக்கான்தான் போடுகிறார்களா என்று டியூபை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒட்டியபின் ஒரு வாரம் காயட்டும்.

அடுத்த கணக்கைச் செய்யாமல் விட்டால்தான் தரையெல்லாம் உப்புத் தண்ணீராகும். கரண்ட் போனதும் ரிட்டர்ன் குழாய் வழியாகவே தண்ணீர் கீழே சைஃபன் ஆகும், குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு வெளியே வரும்வரை. மேல் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 4 லிட்டர். ரிட்டர்ன் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் இறங்கும். குழாய்களில் உள்ளது 3, ஸ்கிம்மர் உடலில் நிற்பது 3 சேர்த்து 26. சம்பில் ஓடும்போது 46 லிட்டர் இருக்கிறது. விளிம்பில் 3 செ.மீ. விட்டால் மீதி இடம் 31 லிட்டர்தான். மிக நெருக்கம். வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்துங்கள், 14 லிட்டரோடு முடிந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ரிட்டர்ன் குழாயில் 3 மில்லிமீட்டர் துளை போடுவது வழக்கம். போடுங்கள், ஆனால் பாசியோ நத்தையோ அதை அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாளே சுவிட்சை அணைத்து, நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சம்பின் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எப்போதும் நிரப்பக்கூடாது.

இறங்கும் குழாய் ஒன்றேகால் இன்ச் பி.வி.சி., அதோடு அடைப்பு வந்தால் காப்பாற்ற இரண்டாவது குழாய் ஒன்று, சற்று உயரமாக. இரண்டாவது குழாய் இல்லாத தொட்டியை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஒரு நத்தை போதும் முதல் குழாயை அடைக்க. ஓஸ் குழாய்க்கு இரும்புக் கிளிப் வேண்டாம், நைலான் கிளிப் போடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்டீல் என்று விற்பதும் துருப்பிடிக்கும்.

ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 750 லிட்டர் கொடுத்தால் போதும். அதாவது தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்து முறை சுற்றும். இந்த 750 மேலே வந்து சேர வேண்டிய அளவு. 2000 லிட்டர், அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று போட்ட பம்ப், 1.2 மீட்டர் ஏறும்போது தோராயமாக 800 லிட்டர்தான் தரும். குழாயில் முழங்கை வளைவுகள் கூடக்கூட இன்னும் குறையும். அதற்காக 5000 லிட்டர் பம்ப் வாங்க வேண்டாம்: தண்ணீருக்குள் இருக்கும் பம்ப் எடுக்கும் வாட் எல்லாம் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். 20 வாட் டி.சி. பம்ப் ஓடும் தொட்டிக்கும் 60 வாட் ஏ.சி. பம்ப் ஓடும் தொட்டிக்கும் மே மாதத்தில் வித்தியாசம் தெரியும். பவளங்களுக்கு வேண்டிய வேகமான ஓட்டத்தைத் தொட்டிக்குள் மாட்டும் வேவ்மேக்கர்கள் தரட்டும். மணிக்கு 2000 லிட்டர் அளவில் இரண்டு, எதிரெதிர் மூலையில், ஒன்று நீர்ப்பரப்பைப் பார்த்து.

ஸ்கிம்மர்

வாங்கும் கருவிகளில் யோசித்துச் செலவு செய்ய வேண்டியது இதுதான். ஊசிச் சக்கரம் உள்ள பம்ப் காற்றை இழுத்து நுண்ணிய குமிழிகளாக வெட்டும். புரதம், கொழுப்பு போன்ற கழிவுகளின் ஒரு முனைக்குத் தண்ணீர் ஆகாது. அந்த முனை குமிழியில் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் நுரையாகி மேலே கோப்பைக்குள் வடியும். அழுகுவதற்கு முன்பே கழிவு தண்ணீரை விட்டுப் போகிறது, கூடவே ஆக்சிஜனும் கலக்கிறது. நம் இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்வது இந்தக் கருவிதான்.

150 லிட்டர் தொட்டிக்கு, பெட்டியில் 300 லிட்டர் என்று போட்டதை எடுங்கள். 800 லிட்டர் ஸ்கிம்மர் வைத்தால் நுரை நிற்கத் தேவையான கழிவே கிடைக்காமல் சும்மா குமிழி விட்டுக்கொண்டிருக்கும். வாங்குமுன் அடிப்பகுதி அளவையும், எந்த நீர் ஆழத்துக்கு வடிவமைத்தது என்பதையும், கோப்பையைக் கழற்ற மேலே எவ்வளவு உயரம் வேண்டும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலானவை 18 முதல் 22 செ.மீ. ஆழம் கேட்கும். மட்டம் இரண்டு செ.மீ. ஏறினால் வெறும் தண்ணீர் கோப்பையில் நிறையும், இறங்கினால் ஒன்றுமே வராது.

புதியது முதல் ஒன்றிரண்டு வாரம் தாறுமாறாக நுரைக்கும் அல்லது நுரைக்கவே நுரைக்காது. திருகைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். பழகியபின் நுரைமட்டம் கோப்பைக் கழுத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நிற்கும்படி வைத்தால் கறுத்த, நாற்றமடிக்கும் நீர் சேரும். தொட்டிக்குள் கை விட்டாலோ எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டாலோ சில மணி நேரம் நுரை படுத்துவிடும், கோளாறு அல்ல. புது சிலிக்கான், கல் ஒட்டும் எபாக்சி, குளோரின் நீக்கி, மருந்து, இவை சேர்ந்தால் பொங்கி வழியும். அப்போது கோப்பையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

வாரம் ஒருமுறை கழுத்தைத் துடையுங்கள். அந்தப் பிசுக்குப் படலம் நுரையைக் கொல்லும். காற்றுக் குழாயின் நுனியில் உப்பு கட்டி அடைக்கும். அதில் கொஞ்சம் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் கரையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றித் தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவையுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே. ஸ்கிம்மர் அறைக் காற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் இழுத்துத் தண்ணீரில் கரைக்கிறது. கொசு லிக்விட், கொசுவர்த்தி, ஸ்பிரே இவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் இவை வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். தெருவில் புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தால் சன்னலை மூடி, ஸ்கிம்மரை அரைமணி நேரம் நிறுத்திவிடுங்கள்.

சாக்கும் பஞ்சும், மற்றவையும்

இறங்கும் குழாயின் வாயில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) ஒன்று. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதனால் நான்கைந்து வாங்கி வையுங்கள். வாரக்கணக்கில் மாற்றாத சாக், கேனிஸ்டர் செய்யும் அதே கெடுதலைச் செய்யும். மாற்ற நேரமில்லை என்று தோன்றினால் சாக்கே போடாமல் ஸ்கிம்மரை மட்டும் நம்புவது நல்லது. துவைக்கும்போது சோப்புத்தூள் கூடாது.

கார்பன் பை மஞ்சள் நிறத்தையும், மென்பவளங்கள் ஒன்றையொன்று தாக்க விடும் நச்சையும் எடுக்கும். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பாஸ்பேட் நீக்கும் இரும்புத் துகளை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். புதிய தொட்டியில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியாக்கினால், மணல்மேல் பழுப்பு நிறச் சளி போல டைனோஃபிளாஜெல்லேட் படரும். அதை விரட்டுவது சாதாரணப் பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருக்கட்டும். யு.வி. விளக்கு ஆரம்பத்தில் தேவையில்லை. ஏ.சி. போடாத அறையில் ஹீட்டரும் நம் ஊரில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அந்தக் காசை விசிறிக்கோ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கோ வையுங்கள்; கடலோர ஈரக்காற்றில் விசிறி மட்டும் இரண்டு டிகிரிக்கு மேல் குறைப்பது அரிது.

தண்ணீர்

எவ்வளவு நல்ல ஃபில்டர் வைத்தாலும் ஊற்றும் தண்ணீர் சரியில்லை என்றால் வீண். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 800 பி.பி.எம். இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆர்.ஓ. சவ்வு அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்தாலும் 40 முதல் 80 மிஞ்சும். அந்த மிச்சத்தில் சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் இருக்கும்.

வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். அதில் சுவைக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலரோ மினரல் கேட்ரிட்ஜோ இருக்கும். வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தோ, தாதுவைச் சேர்த்தோ கொடுக்கும். சர்வீஸ் செய்பவரிடம் சொல்லிச் சவ்வுக்கு அடுத்த இடத்திலிருந்தே 'டீ' வடிவ இணைப்பு ஒன்று போட்டுத் தனிக்குழாய் எடுத்து, அதன்பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குடுவை மாட்டுங்கள். வெளியே வரும் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். 2 காட்டத் தொடங்கினால் ரெசின் மாற்றுங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பிடித்தால் ரெசின் நீண்ட நாள் வரும். வாரம் 15 லிட்டர் நீர் மாற்றம், தினம் ஆவியாகும் 2 முதல் 4 லிட்டர், இதற்கு வாரம் 45 லிட்டர் தயாரிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடைசி அறை 15 செ.மீ. நீளமானால், மட்டம் 5 செ.மீ. இறங்கும்போது 2.6 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். தானியங்கி நிரப்பி வைத்தால் அதன் வாளி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கினாலும் சேதம் அதோடு நிற்கும்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தேவனாம்பட்டினத்தில் குடம் வைத்து மொள்ளலாமே என்ற ஆசை வரும். கரையோரத் தண்ணீரில் கெடிலமும் தென்பெண்ணையும் உப்பனாறும் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் உப்பு வெகுவாக இறங்கும், கலங்கலும் ஊர்க்கழிவும் சேரும். கடலூர் முதுநகர்ப் பக்கம் சிப்காட் ரசாயன ஆலைகள் வேறு. மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள்கூடக் கடல்நீரை மணலில் வடிகட்டி, குளோரின் போட்டு, அதை நீக்கித்தான் பயன்படுத்துகின்றன. புதியவர்களுக்கு, கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்புதான் பாதுகாப்பு. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், அடர்த்தி 1.025. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலால் சரிபாருங்கள்.

கரண்ட் போனால்

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. இந்தக் கரையில் தொட்டி வைப்பவர் நவம்பர், டிசம்பருக்கென்று தனியாகத் தயாராக வேண்டும்.

இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது நீர்ப்பரப்பைக் கலக்கும் வேவ்மேக்கர், அடுத்து ரிட்டர்ன் பம்ப். விளக்கு வேண்டாம், ஸ்கிம்மர் கடைசி. ஒளி இல்லாமல் பவளங்கள் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஓட்டம் நின்றால், நிறைய மீன் உள்ள தொட்டி சில மணி நேரத்திலேயே தவிக்கத் தொடங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 2.5 வாட் யு.எஸ்.பி. காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடும். கரண்ட் இல்லாதபோது தீனி போடக்கூடாது.

சுவிட்ச் போர்டுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கியபின் மேலேறிப் போக வேண்டும். வயர் வழியே வழியும் உப்பு நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடாப்டர்களைச் சம்புக்குப் பக்கத்தில் வைக்காமல் ஸ்டாண்டுக்கு வெளியே சுவரில் மாட்டுங்கள்.

இடமோ காசோ இல்லாமல் 80 லிட்டர் தொட்டிதான் முடியும் என்பவர்கள் ஸ்கிம்மரையும் சம்பையும் விட்டுவிடலாம். பின்பக்கத்தில் ஃபில்டருக்கென்று தனி அறை உள்ள தொட்டி, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றும் பஞ்சு, சின்ன கார்பன் பை, வாரம் தவறாமல் 10 முதல் 12 லிட்டர் நீர் மாற்றம், இரண்டே சின்ன மீன். அந்த அளவில் நீர் மாற்றமே ஸ்கிம்மரின் வேலையைச் செய்துவிடும்.

பழைய கருவி வாங்குபவர்கள் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் வரக்கூடாது: இந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து ஊற்றினீர்களா? மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் அந்தத் தாமிரம் கல்லிலும் மணலிலும் ஊறி, பிறகு மெல்ல வெளிவந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். ஆமென்றால் கல்லும் மணலும் வேண்டாம். ஸ்கிம்மரும் பம்பும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வினிகரில் ஊறவைத்து, நன்றாக அலசி, தனி வாளியில் உப்பு நீரில் ஒரு நாள் ஓட்டி, அந்தத் தண்ணீரைத் தாமிரச் சோதனை கிட்டில் பார்த்தபின் சம்பில் இறக்குங்கள்.